மருந்தைத் திறக்கும் குடல்வாழ் உயிர்கள்

பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் உணவகங்களில் இரவில் கரைத்துவைத்த தோசைமாவு விடியலில் பொங்கி நிற்பது நுண்ணுயிர்களின் செயல். நம் குடலில் வாழும் நுண்ணுயிர்கள் உணவை மட்டுமன்றி மருந்தையும் மாற்றுகின்றன என்பதை உயிரியல் மாணவர்க்கு இவ்வுவமையால் தொடங்கி விளக்கலாம்.

பெருங்குடல் அழற்சிக்குரிய சல்பாசலசின் பெரும்பாலும் சிறுகுடலில் உறிஞ்சப்படாமல் கடந்து செல்கிறது. பெருங்குடல் பாக்டீரியாக்களின் நொதிகள் அதன் அசோ பிணைப்பை அறுக்கின்றன. அழற்சி தணிக்கும் மெசலசின் நோயுற்ற இடத்திலேயே விடுபடுகிறது. பாக்டீரியாவே இங்குத் திறவுகோல்.

இவ்வாற்றல் இடரும் தரும். எகர்தெல்லா லென்டா என்னும் பாக்டீரியாவின் சில வகைகள் டிகாக்சின் என்ற இதய மருந்தைச் செயலிழக்கச் செய்கின்றன. அவற்றைக் குடலில் கொண்ட நோயாளர் நுண்ணுயிர்க்கொல்லி உட்கொண்டால், பாக்டீரியா மடிந்து, குருதியில் டிகாக்சின் நச்சளவுக்கு உயரக்கூடும். எனவே, மருந்து உடலை என்ன செய்யும் என்பதோடு, குடலுயிர்கள் மருந்தை என்ன செய்யும் என்றும் வினவ மாணவரைப் பழக்குவோம்.