சந்தாவும் சட்டையும்

சென்ற தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு, செம்பூரில் எங்கள் அடுத்த வீட்டில் ஒரு வழக்கு எழுந்தது. வழக்காடியவர்கள் தாயும் மகனும். பையனுக்கு வயது பதினைந்து. தந்தையின் வேலை மாற்றத்தால் கோயமுத்தூரை விட்டு மும்பைக்கு வந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. "இந்த வருஷம் எனக்குப் புதுச்சட்டை வேண்டாம்; அந்தப் பணத்தில் விளையாட்டிலே ஒரு சட்டை வாங்கிக் கொடுங்கள்" என்பது அவன் விண்ணப்பம்.

"உடம்பிலே படாத துணிக்கு இரண்டாயிரம் ரூபாயா, அண்ணா? மாசா மாசம் சந்தா வேறு கட்டுகிறோமே! சந்தா கட்டினவனுக்குச் சட்டை தனியா?" என்று அந்த அம்மையார் என்னிடம் முறையிட்டார்.

தீர்ப்புக் கூறும் தகுதி எனக்கில்லை. ஆயினும் அவர் கடைசியாகக் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. நாற்பது ஆண்டுகள் கணக்கெழுதிப் பிழைத்தவன் ஆதலால், ஒரே பொருளுக்கு இருமுறை பணம் கேட்கும் சீட்டைக் கண்டால் நின்று பார்ப்பது எனக்குப் பழக்கம். பையனையே ஆசிரியனாகக் கொண்டு சில மாதங்கள் இவ்விஷயத்தைப் படித்தேன். நம் இல்லங்கள் பலவற்றிலும் இவ்வழக்கு இன்றோ நாளையோ எழும் என்பதால், அறிந்ததை நேயர்களுக்குக் கூறுகிறேன்.

இவ்வகை விளையாட்டு, சதுரங்கம் போல ஆடி முடித்து எழுந்துவிடுவதன்று. அஃது ஓர் ஊர். ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் அவ்வூரில் உலவுகிறார்கள். கடைத்தெருவில் நின்று பேசுகிறார்கள். கூட்டாகப் போருக்குப் போகிறார்கள். நிறுவனத்தின் கணினிகள் இரவு பகலாக ஓடினால்தான் அவ்வூர் இருக்கும். அதற்காக மாதச் சந்தா. சந்தாவில் ஓர் அழகு உண்டு. செல்வர் மகனும் எழுத்தர் மகனும் ஒரே தொகை செலுத்தி ஒரே வாசல் வழியாக உள்ளே போகிறார்கள். உள்ளே ஒருவன் தங்கக் கவசம் பூண்டு நின்றால், அஃது அவன் உழைத்துப் பெற்றது என்று பார்த்தவுடனே தெரியும். உடுப்பே அங்கே ஒருவனது வரலாறு.

இவ்வழகுக்குள்ளேயே நிறுவனத்தின் சங்கடமும் இருக்கிறது. அமெரிக்காவின் பிளிசார்ட் நிறுவனம் 2004 நவம்பரில் தொடங்கிய 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' இவ்வகையில் மிகப் புகழ்பெற்றது. 2010 அக்டோபரில் அதன் சந்தாதாரர் 1 கோடியே 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டதாக நிறுவனமே அறிவித்தது. அந்நாட்டில் அதன் மாதச் சந்தா 2004இல் 15 டாலருக்கு ஒரு காசு குறைவு. இருபது ஆண்டு கழித்து 2024இலும் அதே தொகைதான். இடையில் வீட்டு வாடகையும் ரொட்டி விலையும் ஏறின, சந்தா ஏறவில்லை. சந்தாவை உயர்த்தினால் ஆட்கள் ஓடிவிடுவர். உயர்த்தாவிட்டால், ஐம்பது டாலர் தர மனமுள்ளவனிடமும் பதினைந்துதான் வாங்க முடியும். கையில் மிகுதியாக உள்ளவன் தானே விரும்பி மிகுதியாகத் தருவதற்கு ஒரு வழி வேண்டும். அவ்வழிதான் அலங்காரக் கடை.

அக்கடையின் கணக்கு வியப்பானது. நம் மாதுங்கா ஜவுளிக்கடைக்காரர் ஒரு சட்டையை விற்றால் அவர் அடுக்கில் ஒன்று குறையும். இங்கோ, ஓவியர் ஒருமுறை வரைந்த சட்டையைப் பத்துப் பேருக்கும் விற்கலாம், பத்து இலட்சம் பேருக்கும் விற்கலாம். கிடங்கில் ஒன்றும் குறைவதில்லை.

2010ஆம் ஆண்டின் இளவேனிலில் அவ்விளையாட்டில் இரண்டு குதிரைகள் தோன்றின. இரண்டும் சிறகுள்ளவை, இரண்டும் வானில் பறப்பவை. முதற்குதிரையின் பெயர் 'இன்வின்ஸிபிள்'. கதையின் கொடிய அரசனுடைய குதிரை. இருபத்தைந்து பேர் கூடி, அவ்வரசனை மிகக் கடினமான முறையில் பொருது வென்றால் அப்போது அது கிடைத்தது. உலகிலேயே முதன்முதலாக ஒரு குழு அவ்வாறு வென்றது 2010 மார்ச்சில். அதற்கு முன் எத்தனையோ இரவுகள் தோற்றார்கள். வென்றாலும் குதிரை ஒன்றுதான். இருபத்தைந்து பேரில் ஒருவருக்குத்தான். அப்போரும் வாரம் ஒருமுறைதான். எல்லாருக்கும் கிடைக்க வேண்டுமாயின் அரையாண்டு உழைக்க வேண்டியிருந்தது. தனக்குக் கிடைத்த பிறகும் பிறர்க்காக வாரந்தோறும் வந்து நின்றவர்கள் பலர் என்று பையன் சொன்னான். அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் இருந்த மரியாதையை நான் கவனித்தேன்.

மற்றொரு குதிரை ஏப்ரலில் வந்தது. உடலெல்லாம் விண்மீன் மின்னும் 'செலஸ்டியல் ஸ்டீட்'. அதன் விலை 25 டாலர். அங்கே இருபத்தைந்து பேர். இங்கே இருபத்தைந்து டாலர்! அதன் விற்பனை தொடங்கிய அன்று ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இணைய வரிசையில் காத்துநின்றதாகச் செய்திகள் வந்தன. அக்குதிரை பிற குதிரைகளைவிட வேகமாகப் பறக்காது; போரில் எவ்வுதவியும் செய்யாது. ஒரு மாதச் சந்தாவினும் மிகுந்த விலைக்கு விற்றது வெறும் தோற்றம் ஒன்றையே. மறுநாள் ஊரின் வானமெங்கும் ஒரே மாதிரிக் குதிரைகள் பறந்தன.

"வாங்குகிறவன் வாங்குகிறான்; உனக்கென்ன நஷ்டம்?" என்று கேட்பாரும் உண்டு. ஒரு வகையில் நியாயமான கேள்வி. கோயிலில் வெள்ளிக்கவசம் சார்த்தியவரைப் பார்த்துப் பூச்சரம் கொண்டுவந்தவர் வழக்குப் போடுவதில்லை. ஆனால், சிறகுள்ள குதிரையில் வருபவனைக் கண்டால் "இவன் என்ன செய்தான்?" என்று வியந்த ஊரில், "இவன் என்ன கொடுத்தான்?" என்று கேட்கும் வழக்கம் அன்று தொடங்கியது. நஷ்டம் என்று நான் கருதுவது அதைத்தான். (நம் சங்க ஆண்டுவிழாவில் முன்வரிசை நாற்காலிகளை நன்கொடையாளர்க்கு ஒதுக்கியபோது செயலாளருக்கு வந்த கடிதங்களை நினைவுகூர்வோர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.)

ஐஸ்லாந்தில் நடந்தது இன்னும் சுவையானது. அச்சிறு தீவு நாட்டின் சிசிபி நிறுவனம் 2003இல் 'ஈவ் ஆன்லைன்' என்ற விண்வெளி விளையாட்டைத் தொடங்கியது. அதில் கப்பல் கட்டுவோரும் விற்போரும் கொள்ளையிடுவோரும் ஆடுவோரே. போரில் உடைந்த கப்பல் உடைந்ததுதான், திரும்பி வராது. ஆதலால் அங்கே பொருளின் மதிப்பை ஒவ்வொருவனும் உணர்ந்திருந்தான். 2011 ஜூனில் நிறுவனம் ஓர் அலங்காரக் கடை திறந்தது. அதில் ஒரு கண்ணுக்கு மட்டும் அணியும் ஒற்றைக் கண்ணாடி ஒன்று. அதன் விலை சுமார் 60 டாலர், அதாவது நான்கு மாதச் சந்தா. மெய்யான மூக்குக் கண்ணாடியே அதைவிட மலிவாகக் கிடைக்குமே என்று ஆடுவோர் நகைத்தனர். அவ்வேளையில் நிறுவனத்தின் உட்சுற்று இதழ் ஒன்று வெளியே கசிந்தது. அதன் தலைப்பு, பேராசை நல்லதா என்று கேட்பதாக இருந்தது. வருங்காலத்தில் ஆயுதங்களையும் கப்பல்களையும் காசுக்கு விற்பதைப் பற்றிய பேச்சும் அதில் இருந்தது. நகைப்பு சினமாக மாறியது.

ஆடுவோர் என்ன செய்தனர்? 'ஜிட்டா' என்பது அவ்வுலகின் பெருஞ்சந்தை. நம் கிராபோர்டு மார்க்கெட்டை நினைத்துக்கொள்ளலாம். அங்குள்ள நினைவுச் சின்னத்தைச் சூழ்ந்து நின்று, அழியாதென்று தெரிந்தும் அதன்மேல் சுட்டுக்கொண்டே இருந்தனர். பலர் சந்தாவை நிறுத்தினர். அவ்விளையாட்டுக்கு ஒரு சிறப்பு உண்டு: ஆடுவோர் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிக் குழு ஒன்று 2008 முதல் இருக்கிறது. அக்குழுவினரை நிறுவனம் தன் செலவில் ரெய்க்யவிக் நகருக்கு வரவழைத்துப் பேசியது. ஆட்டத்தின் வலிமையை மாற்றும் எப்பொருளையும் அக்கடையில் விற்கும் எண்ணமில்லை என்று உறுதி கூறப்பட்டது. அக்டோபரில் தலைமை அதிகாரி ஹில்மர் வெய்கர் பெட்டுர்ஸன் தம் தவறுகளை ஒப்புக்கொண்டு பகிரங்கக் கடிதம் எழுதினார். அதே மாதம் ஊழியரில் நூற்றுக்கு இருபது பேர் வேலை இழந்தனர். மேலிடத்தார் செய்த பிழைக்குக் கீழே இருப்பவர் விலை கொடுப்பது எல்லா ஊரிலும் நடப்பதே.

ஒற்றைக் கண்ணாடியின் விலைக்காக மட்டும் அவர்கள் கிளர்ந்தெழுந்ததாக நான் நினைக்கவில்லை. இன்று கண்ணாடி, நாளை துப்பாக்கி என்ற அச்சமே காரணம். அவ்வச்சம் வீணானதன்று. பிளிசார்டின் விளையாட்டில் 2018இல் பெரிய டைனோசர் போன்ற வாகனம் ஒன்று வந்தது. அதன் முதுகில் ஏலக்கடைக்காரரும் அமர்ந்திருப்பார். காட்டின் நடுவிலும் வாங்கலாம், விற்கலாம். அதன் விலை விளையாட்டுப் பொன்னில் ஐம்பது இலட்சம். 2020இல் அது விற்பனையிலிருந்து நீக்கப்பட்டது. அரும்பாடுபட்டுச் சேர்த்தவர் பெருமையுடன் ஏறி வந்தனர். 2024 அக்டோபரில் அவ்விளையாட்டின் இருபதாம் ஆண்டு நிறைவை ஒட்டி, அதே வசதியுடன் பொன்முலாம் பூசிய டைனோசர் ஒன்றை 90 டாலருக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும், விற்றார்கள். நம் பணத்தில் ஏழாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஆறு மாதச் சந்தா. இது வெறும் அலங்காரமா? ஏலக்கடையை முதுகில் சுமக்கும் அலங்காரத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

எல்லாரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பதும் முறையன்று. ஜப்பானின் ஸ்குவேர் எனிக்ஸ் நடத்தும் 'ஃபைனல் ஃபேண்டஸி 14' விளையாட்டிலும் சந்தாவுக்கு மேல் கடை உண்டு. அங்கே பண்டிகைதோறும் விழாவுடைகளை இலவசமாகத் தருகிறார்கள். அவ்வாண்டு வரத் தவறியவர் பின்னர்க் கடையில் காசுக்கு வாங்கிக்கொள்ளலாம். விழாவுக்கு வந்தவனுக்கு அது பரிசு. வராதவனுக்கு அது சரக்கு. இதில் எனக்கு அவ்வளவு மனத்தாங்கல் இல்லை.

நம் வீடுகளுக்கு இன்னொரு செய்தி முக்கியம். வாங்கிய சட்டை வாங்கியவனுக்குச் சொந்தமன்று. அஃது அவ்வூரில் அணிந்துகொள்ளப் பெற்ற அனுமதி மட்டுமே. சந்தா நின்றால் சட்டையும் பூட்டுக்குள் போய்விடும். ஊரே மறைந்தாலோ? 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற விளையாட்டு 2004இல் சந்தாவுடன் தொடங்கியது. 2008இல் திருமண உடைத் தொகுதியைக்கூட விற்றார்கள். 2012 நவம்பர் 30ஆம் நாள் அவ்வூரை மூடிவிட்டார்கள். அன்றிரவு ஆடுவோர் ஒன்றுகூடி விடைபெற்றனர். மணவுடைகளும் அவர்களோடு மறைந்தன.

இன்னொன்று, கணக்கெழுதியவன் என்ற முறையில்: வங்கி அட்டையில் வெளிநாட்டுச் செலவையும் இணையச் செலவையும் நாமே நிறுத்தி வைக்கவும், அவற்றுக்கு வரம்பு கட்டவும் ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு 2020 அக்டோபர் முதல் இருக்கிறது. பிள்ளையை நம்பாமைக்காக அன்று. தாழ்ப்பாள் இருக்கும் கதவில் தாழ்ப்பாளைப் போடுவதுபோல. ஆனால் அதைப் போடுவதற்கு முன் பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போடுவது நலம்.

இவ்வளவும் படித்து முடித்து, வேண்டாமென்று சொல்லிவிடும் எண்ணத்துடன்தான் அடுத்த வீட்டுக்குச் சென்றேன். பையனை மொட்டை மாடிக்கு அழைத்துச் சென்று, இரண்டு குதிரைகளின் கதையை அவனுக்கே திருப்பிச் சொன்னேன். அவன் பொறுமையாகக் கேட்டான்.

"எனக்குத் தெரியும், மாமா. காசு கொடுத்த சட்டைக்கு அங்கே மரியாதை கிடையாது. ஆனால் இங்கே வந்த முதல் வருஷம் எனக்கு மராத்தியும் தெரியாது, இந்தியும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் யாரும் பேசமாட்டார்கள். ராத்திரி அந்த ஊரில்தான் எனக்கு ஆறு சிநேகிதர்கள். ஒருவன் கெளஹாத்தி, ஒருவன் இந்தூர். அவர்கள் ஐந்து பேர் தீபாவளிக்கு ஒரே மாதிரிச் சட்டை போடுகிறார்கள். நான் மட்டும் பழையதில் நிற்க வேண்டும்."

என்னிடம் இதற்குப் பதில் இல்லை. நானும் 1974இல் கையில் ஒரு பெட்டியுடன் தாதரில் இறங்கியவன்தான். முதற்சம்பளத்தில் நான் வாங்கியது, அலுவலகத்தில் எல்லாரும் அணிந்த அதே மாதிரிச் சட்டை. ஊரில் கொண்டுவந்த சட்டைகள் நன்றாகத்தான் இருந்தன.

அவன் தாயாரிடம் இதை அப்படியே சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. கோயமுத்தூரிலிருந்து பாட்டி அனுப்பிய தீபாவளிப் பணம் ஆயிரத்து ஐந்நூறு இருந்தது. மீதியைத் தந்தை கொடுத்தார். ஒருமுறைதான், அட்டை எண்ணை அங்கே சேமித்து வைக்கக் கூடாது, பொங்கலுக்குக் கேட்கக் கூடாது என்று மூன்று நிபந்தனைகள். மூன்றாவதற்கு மட்டும் அவன் சற்றுத் தயங்கினான்.

தீபாவளிக்கு முந்தின இரவு பட்சணம் கொடுக்க நான் போனபோது, அவன் திரையில் சட்டை அணிந்து நின்றான். கருநீலம், தோளில் பொற்சரிகை. அந்த அம்மையார் அடுப்படியிலிருந்து முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வந்து, கண்ணாடியைச் சரிசெய்து பார்த்தார்.

"முதுகுப்பக்கம் திருப்பிக் காட்டு" என்றார்.