ஊருக்கு வந்த ஃபைபர் வீட்டுக்கு வராதது ஏன்?

கம்பத்துல கேபிள் ஓடுது, கனெக்‌ஷன் எப்போன்னு கேட்டா யாருக்கும் தெரியல. கிராமத்தில் இருந்தபடி ஒர்க் ஃப்ரம் ஹோம் பார்ப்பவர்களின் புலம்பல் இதுதான். மீட்டிங் நடுவே ஹாட்ஸ்பாட் காலை வாரிவிட, மொட்டை மாடிக்கு ஓடுவது அவர்களுக்குப் பழகிவிட்டது.

திட்டம் புதுசா?

இல்லை. தேசிய ஆப்டிகல் ஃபைபர் நெட்வொர்க்குக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது 2011 அக்டோபரில். சுமார் 2.5 லட்சம் ஊராட்சிகள், ஏறக்குறைய ரூ.20,000 கோடி, இரண்டே வருஷம் என்பது அன்றைய கணக்கு. 2015ல் 'பாரத்நெட்' எனப் பெயர் மாறியது. முதல் கட்டமாக 1 லட்சம் ஊராட்சிகளைத் தொடவே 2017 டிசம்பர் ஆகிவிட்டது. 2023 ஆகஸ்டில் திருத்திய திட்டத்துக்கு ரூ.1,39,579 கோடி ஒதுக்க ஒப்புதல் கிடைத்தது.

இதற்கான நிதியத்துக்குத் தொலைத்தொடர்பு நிறுவனங்கள் தங்கள் வருவாயில் 5 சதவீதம் கட்டுகின்றன. அதாவது, நாம் போடும் ரீசார்ஜிலும் ஒரு பங்கு இதற்குப் போகிறது. கோபம் நியாயம்தான்.

தமிழ்நாட்டில் என்ன ஆச்சு?

இங்கே இலக்கு 12,525 ஊராட்சிகள். இதற்காக டான்ஃபினெட் நிறுவனம் 2018ல் தொடங்கப்பட்டது. டெண்டர் நிபந்தனைகள் சிலருக்குச் சாதகமாக உள்ளன என்று அறப்போர் இயக்கம் புகார் கொடுக்க, 2020ல் அந்த டெண்டரே ரத்தானது. மறு டெண்டர் முடிந்து வேலை தொடங்கியது 2022ல்தான்.

கேபிள் வந்தும் நெட் இல்லையே?

சிக்கலின் மையம் இங்கேதான். பாரத்நெட்டின் முதல் வேலை ஊராட்சி அலுவலகம் வரை ஃபைபர் கொண்டுவருவது. அங்கே கருவி பொருத்தியதும் அரசுக் கணக்கில் அது 'இணைக்கப்பட்ட ஊராட்சி'. ஆனால் அங்கிருந்து உங்க வீட்டுக்கு வயர் இழுத்து, மோடம் வைத்து, பில் போட ஒரு சர்வீஸ் புரொவைடர் வேண்டும். மூணு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் குக்கிராமத்தில் பத்து வீடுதான் கேட்குது என்றால், அவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார்.

வந்த இணைப்பும் எளிதில் அறுந்துபோகும். முதல் கட்டத்தில் கேபிள் பெரும்பாலும் ஒரே கோடாகப் போனது. குடிநீர்க் குழாய்க்கு ஜேசிபி தோண்டும்போது ஓரிடத்தில் அறுந்தால், அதற்கு அப்பால் உள்ள ஊர்கள் எல்லாம் அவுட். கரன்ட் போய் யுபிஎஸ்ஸும் தீர்ந்தால் கதை அதேதான். அலுவலகம் பூட்டியிருந்து சாவி யாரிடம் என்று தேடுவது தனிக் கதை.

இனி?

திருத்திய திட்டத்தில் கேபிள் வளையமாகப் போகும். ஒரு பக்கம் அறுந்தால் மறுபக்கம் வழியாக டேட்டா வரும். கேபிள் போட்ட ஒப்பந்ததாரரே 10 ஆண்டுகள் பராமரிக்க வேண்டும். நாடு முழுக்க 1.5 கோடி கிராமப்புற வீடுகளுக்கு இணைப்பு தருவதும் இலக்கில் உள்ளது.

அடுத்த கிராம சபைக் கூட்டத்துக்குப் போனால், 'ஃபைபர் வந்துச்சா' என்று மட்டும் கேட்காதீங்க. கருவி இப்போ ஆன்ல இருக்கா, வீட்டு இணைப்பு கொடுக்கப்போறது யார், கேபிள் அறுந்தா யாருக்கு போன் போடணும்? இந்த மூணுக்கும் பதில் வாங்குங்க.