எந்தக் கட்சி?

நம் தமிழில் ஆட்டத்தில் இறங்கும் அணிக்கும் கட்சி என்றே பெயர். தேர்தலில் நிற்கும் கூட்டத்துக்கும் கட்சி என்றே பெயர். இந்தச் சிக்கனம் கல்கத்தா நகருக்குப் பொருந்துவது போல வேறெந்த ஊருக்கும் பொருந்தாது. இங்கே குடியேறிய தமிழரிடம் அண்டை வீட்டு வங்காளியார், ஊர், உத்தியோகம் விசாரித்த கையோடு கேட்பது, "மோஹன் பகானா, ஈஸ்ட் பெங்காலா?" என்பதே. பந்தாட்டத்தைப் பற்றிய பேச்சுத்தானே என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிற புதியவர்கள் அநேகர். கேட்டவர் அதிலிருந்து நம்மைப் பற்றிப் பல விஷயங்களை ஊகித்துக்கொண்டு விடுகிறார் என்பது பிறகுதான் விளங்கும்.

மேற்கு வங்காளத்துப் பூர்விகக் குடிகளுக்குக் 'கோட்டி' என்று பெயர். திருநெல்வேலி அன்பர்கள் சிரிக்க வேண்டாம். வங்காளியில் அதற்குச் சொம்பு என்று பொருள். கிழக்கு வங்காளத்திலிருந்து வந்தவர்கள் 'பாங்கால்'. முன்னவர்க்கு மோஹன் பகான், பச்சையும் அரக்குச் சிவப்பும். பின்னவர்க்கு ஈஸ்ட் பெங்கால், சிவப்பும் பொன்னிறமும். அவர்கள் வென்றால் வீட்டில் இறால், இவர்கள் வென்றால் ஹில்சா மீன். நம்மில் மரக்கறிக்காரர்கள் எந்தக் கட்சி ஜெயித்தாலும் சாம்பாரோடு திருப்தியடைய வேண்டியதுதான்.

இந்த ஊர்ப் பந்தாட்டத்தில் அரசியல் இடையில் வந்து புகுந்ததன்று. 1911ஆம் ஆண்டு ஜூலை 29ந் தேதி, ஐ.எப்.ஏ. கேடயத்தின் இறுதி ஆட்டத்தில், ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டு என்னும் வெள்ளைச் சிப்பாய்க் கட்சியை மோஹன் பகான் 2க்கு 1 என்று வென்றது. பதினொருவரில் பத்துப் பேர் வெறுங்காலுடன் ஆடினர். முதல் கோலை வாங்கியவர்களும் அவர்களே. பின்பு சிவதாஸ் பாதுரி ஒன்றும் அபிலாஷ் கோஷ் ஒன்றும் போட்டார்கள். அருகே செல்ல முடியாத ஜனங்களுக்குக் காற்றாடியில் கோல் கணக்கை எழுதிப் பறக்கவிட்டுத் தெரிவித்தார்களாம். வெளியூராருக்காக ஈஸ்ட் இந்தியன் ரயில்வே தனி வண்டி விட்டது என்பதையும் இங்கே குறிப்பிடுகிறோம். இலாகா அபிமானம் நம்மை விடுமா? அவ்வாண்டு டிசம்பரில் மன்னர், 1905இல் செய்த வங்கப் பிரிவினையை ரத்து செய்தார். தலைநகரையும் டில்லிக்கு மாற்றினார். கோலால் நேர்ந்த காரியம் என்று சரித்திராசிரியர் எவரும் சொல்லார். மைதானத்துக் கிழவர்கள் சொல்லுவார்கள்.

ஈஸ்ட் பெங்கால் 1920இல் பிறந்தது. மோஹன் பகானுக்கு எதிரான ஆட்டத்தில் ஜோராபகான் கட்சி ஓர் ஆட்டக்காரரை விலக்கிவிட்டதால் எழுந்த மனஸ்தாபமே அதற்கு மூலம். முகமதன் ஸ்போர்ட்டிங் 1934 முதல் 1938 வரை ஐந்தாண்டுகள் தொடர்ச்சியாக லீக் பட்டம் பெற்றது. அது தனியே எழுதத்தக்க விஷயம். 1947இல் தேசம் பிரிந்தபோது, வீடு வாசலை விட்டு வந்து சியால்தா நிலையத்தின் பிளாட்பாரத்தில் படுத்தவர்களுக்கு, இழந்த மண்ணின் பெயரைத் தாங்கி நின்றது ஈஸ்ட் பெங்கால். அந்தச் சட்டைக்கு அவர்கள் போட்ட கோஷத்தில் பந்தின் பங்கு எவ்வளவு, ஊர் நினைவின் பங்கு எவ்வளவு என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது.

அந்த அகதிகள் 1949 முதல் 1953 வரை யாருடைய பெயரைக் கூவினார்கள்? வெங்கடேஷ், அப்பா ராவ், தனராஜ், அகமது கான், சாலே. முன்வரிசையில் ஆடிய ஐவரும் தென்னாட்டவர். ஒருவர் கூட வங்காளியல்லர். வங்காளத்தார் அவர்களுக்குப் 'பஞ்ச பாண்டவர்' என்று பெயரிட்டுக் கொண்டாடினர். பின்னர் வந்த துளசிதாஸ் பலராமன் செகந்திராபாதில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர், 1961இல் ஈஸ்ட் பெங்காலுக்குத் தலைமை வகித்தார், 1962இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கட்சியில் ஆடினார், அப்பால் பி.என்.ஆர். ரயில்வேக் கட்சிக்கு வந்தார். வங்காளத்திலேயே வாழ்ந்து, 2023 பிப்ரவரியில் காலமானார். நம் வீட்டுப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

இதையெல்லாம் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. "நாம் பிழைக்க வந்தவர்கள். கேலரியில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார், கைதட்டு, வந்துவிடு. அவர்கள் அரசியல் நமக்கெதற்கு?" என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் பெரியவர்கள் நம்மிடையே பலர். அவர்களுடைய அச்சத்தை நாம் பரிகசிக்கவில்லை. ஆனால் கேலரியில் எழும் பேச்சு நம் வீட்டு வாசலைத் தொடாத பேச்சா என்று பார்க்க வேண்டும்.

2020 ஜனவரி 19, ஞாயிற்றுக்கிழமை. சால்ட் லேக் திடலில் இரு கட்சிகளும் மோதின. குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறி ஒரு மாதம் சென்ற சமயம். அஸ்ஸாமில் 2019 ஆகஸ்டில் வெளியான குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கு மேற்பட்டோர் விடுபட்டிருந்தனர். ஈஸ்ட் பெங்கால் கேலரியில் ஒரு பெரும் பதாகை விரிந்தது. இந்த மண்ணை நாங்கள் இரத்தம் கொடுத்து வாங்கினோம், காகிதம் கொடுத்து அல்ல என்பது அதன் கருத்து. சட்டத்தை ஆதரித்தவர்களும் அதே கேலரியில் இருந்தார்கள். அகதிகளுக்குக் குடியுரிமை தரத்தானே சட்டம் என்பது அவர்கள் வாதம். அது விவாதிக்கத்தக்க வாதமே. ஆயினும் காகிதத்தைக் கண்டு அஞ்சும் உரிமை, காகிதமின்றி எல்லை கடந்து வந்தவரின் பேரனுக்கு இல்லையென்றால் வேறு யாருக்கு உண்டு?

ஆட்டம் என்னவாயிற்று என்று கேட்பீர்கள். மணிப்பூர் இளைஞர் நாவ்ரெம் இடது ஓரமாக எதிரிகளைக் கடந்து சென்று பந்தைத் தர, ஸ்பெயின் தேசத்து பைட்டியா தலையால் முட்டிக் கோலாக்கினார். இரண்டாவது கோலைச் செனகல் தேசத்து டியாவாரா போட்டார். ஈஸ்ட் பெங்காலுக்காக ஒன்றைத் திருப்பியவரும் ஸ்பெயின்காரர்தான். மோஹன் பகானுக்கு 2, ஈஸ்ட் பெங்காலுக்கு 1. யார் இந்த மண்ணுக்குரியவர் என்று முழங்கிய கேலரிகளின் வழக்கை அன்று ஐரோப்பாவும் ஆப்பிரிக்காவும் தீர்த்து வைத்தன! மறுநாள் எமது ஆபீசில் தோற்ற பக்கத்தார் கோல் கீப்பரை ஒரு மணி நேரம் திட்டினர். பிறகு தங்கள் பாட்டனாரின் நிலப் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்ற யோசனையில் ஆழ்ந்தனர்.

அந்த யோசனை நமக்கும் உரியது. குமாஸ்தா வேலையில் பல காலம் காகிதம் பார்த்துவிட்டதால் சொல்கிறோம். தமிழர் வீட்டுக் காகிதங்களில் ஒரே மனிதர் மூன்று பெயரில் உலவுகிறார். பள்ளிச் சான்றிதழில் தகப்பனார் பெயர் ஒற்றை எழுத்தாக முன்னே நிற்கும். ரேஷன் கார்டில் அதுவே குடும்பப் பெயராகிப் பின்னே தொங்கும். வாக்காளர் பட்டியலில் சுப்பிரமணியன் சுப்ரமண்யம் ஆகி, மனைவியார் பெயருக்கு வால் முளைத்திருக்கும். 2025 நவம்பரில் இங்கே வாக்காளர் பட்டியலின் தீவிரத் திருத்தம் தொடங்கி, 2002ஆம் ஆண்டுப் பட்டியலில் பெயருண்டா என்று தேடச் சொன்னபோது, நம்மவர் சிலருக்குத் தூக்கம் போயிற்று. கிழக்கு வங்காளத்தார் கேலரியில் கூவியது அப்பொழுதுதான் அவர்கள் செவியில் ஏறியது.

இன்னொரு ஞாயிற்றுக்கிழமையையும் சொல்ல வேண்டும். 2024 ஆகஸ்டு 9ந் தேதி ஆர்.ஜி. கர் மருத்துவமனையில், இரவுப் பணியிலிருந்த இளம் பெண் மருத்துவர் பலாத்காரத்துக்கு ஆளாகிக் கொலையுண்டார். 18ந் தேதி டுராண்டு கோப்பைக்காக இரு கட்சிகளும் ஆட வேண்டியிருந்தது. பந்தோபஸ்தைக் காரணம் காட்டி முதல் நாளே ஆட்டத்தை ரத்து செய்துவிட்டார்கள். நீதி கேட்டுக் கேலரியில் குரல் எழும் என்பது ஊரறிந்த சங்கதி. ஆட்டமில்லாத திடலின் வாசலுக்கு அபிமானிகள் வந்தார்கள். பச்சை அரக்கு, சிவப்புப் பொன், முகமதனின் கறுப்பு வெள்ளை ஆகிய மூன்று கொடிகளும் வந்தன. ஒரு கட்சிச் சட்டைக்காரர் தோளில் மறு கட்சிச் சட்டைக்காரர் ஏறி நின்றார். இரு கேலரிக்கும் ஒரே குரல் என்று கோஷமிட்டார்கள். மோஹன் பகான் தலைவர் சுபாசிஷ் போஸ் மனைவியுடன் வந்து நின்றார். ஆட்டத்துக்குப் போதாதென்ற போலீசு வாசலுக்குத் தாராளமாக வந்திருந்தது, தடியடியும் நடந்தது.

அது கலகம் என்று பெரியவர்கள் சிலர் கருதினார்கள். நாம் அவ்வாறு கருதவில்லை. நம் பெண்கள் ஆஸ்பத்திரிகளிலும் ரயில்வேயிலும் இரவுப் பணி பார்க்கிறார்கள். அவர்கள் விடியற்காலை வீடு திரும்பும் தெருவுக்காக அந்த வாலிபர்கள் தடியடி பட்டார்கள். அந்தக் கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளைகள் சிலரும் இருந்தனர் என்று கேட்டபோது நமக்கு வருத்தம் உண்டாகவில்லை.

கேலரியில் நடப்பதெல்லாம் உயர்ந்தது என்று சொல்ல வரவில்லை. 1980 ஆகஸ்டு 16ந் தேதி, ஈடன் தோட்டத்தில் இதே இரு கட்சிகளின் ஆட்டத்தில் கேலரியில் கலவரம் மூண்டு 16 அபிமானிகள் மாண்டார்கள். அந்த நாளில் இன்றும் இரத்த தானம் செய்கிறார்கள். பிறந்த மண்ணைச் சொல்லி ஏசுவதும், எதிரியின் தாயாரை இழுப்பதும் இன்னும் ஒழியவில்லை. அவை காதில் விழும்போது நம் பிள்ளைகள் சேர்ந்து கூவாதிருக்க வேண்டும். எந்தக் கட்சிச் சட்டை போட்டாலும் சரி. இந்த ஒன்றில் நாம் கண்டிப்பு.

ஹௌரா, சிப்பூர்ப் பக்கத்து அன்பர்களுக்கு ஒரு தகவல். 2025 ஆகஸ்டு 22 முதல் ஹௌரா மைதானத்திலிருந்து கங்கைக்கு அடியாகச் செல்லும் மெட்ரோ வண்டி, சியால்தா வழியே சால்ட் லேக் ஸ்டேடியம் நிலையத்துக்கு நேரே செல்கிறது. ஆட்டம் விட்டதும் கூட்டம் மொத்தமாக அங்கேதான் பாயும். சிறுவர்களை அழைத்துச் செல்பவர்கள் திரும்பும் டிக்கெட்டுக்கான வழியை முன்னரே பார்த்துக்கொள்ளுதல் நலம்.