வடைக்கு எத்தனை கிலோமீட்டர்?

காலை ஏழு மணி. பூங்காவில் ஒரு மணி நேரம் வியர்க்க நடந்தவர்கள் எதிர் டீக்கடையில் நிற்கிறார்கள். கையில் காகிதம், அதில் இரண்டு உளுந்து வடை, எண்ணெய் ஊறிப் பரவுகிறது. அந்த இரண்டும் சேர்த்து சுமார் 250 கலோரி. எழுபது கிலோ எடையுள்ளவர் ஒரு கிலோமீட்டர் நடந்தால் மொத்தமாகச் செலவாவது ஏறக்குறைய 50தான். ஒரு மணி நேர நடை நாலு நிமிடத்தில் காலி.

அப்படியானால் நாளெல்லாம் நடந்தால்? தான்சானியாவில் எயாசி ஏரிப் பக்கம் வாழும் ஹட்சா மக்கள் வேட்டையாடியும் கிழங்கு அகழ்ந்தும் உண்பவர்கள். ஆண்கள் தினமும் 11 கிலோமீட்டர் போல நடக்கிறார்கள். இவர்களிடம் ஆய்வாளர் ஹெர்மன் பான்ட்ஸர் குழுவினர் 'குறியிட்ட நீரை'க் குடிக்கக் கொடுத்தார்கள். சற்றே கனமான ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்கள் கலந்த தண்ணீர் அது. கன ஹைட்ரஜன் நீராக மட்டுமே உடலைவிட்டுப் போகும். கன ஆக்சிஜனுக்கோ இரண்டு வாசல்: நீர், மூச்சில் போகும் கரியமில வாயு. சில நாள் சிறுநீரைச் சோதித்து, இரண்டும் குறையும் வேகத்தைக் கழித்துப் பார்த்தால் வெளிவிட்ட கரியமில வாயு தெரியும். அதிலிருந்து எரித்த கலோரியும் தெரிந்துவிடும். எவ்வளவு தந்திரமான தண்ணீர்!

2012இல் வெளியான விடை பலரைத் திகைக்க வைத்தது. உடல் அளவைக் கணக்கில் கொண்டால், ஹட்சாக்கள் எரிப்பதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அமெரிக்கர்கள் எரிப்பதும் ஏறக்குறைய ஒன்றே. நடைக்குக் கொடுத்ததை உடல் வேறு வேலைகளில் மிச்சம் பிடிக்கிறது என்பது பான்ட்ஸரின் கருத்து. எல்லா ஆய்வாளர்களும் இதை ஒப்புக்கொள்வதில்லை.

அதற்காக நடையைக் குறைத்து எடைபோட வேண்டாம். ரத்தச் சர்க்கரை தசைக்குள் நுழைய, இன்சுலின் வந்து கதவைத் திறக்க வேண்டும். ஆனால் தசை சுருங்கி விரியும்போது, உள்ளே ஒளிந்திருக்கும் கதவுகளை இன்சுலின் இல்லாமலே மேற்பரப்புக்குக் கொண்டுவந்துவிடுகிறது! சர்க்கரைக் கணக்குப்படி பார்த்தால், நடந்துவிட்டு வடை தின்பதைவிட வடை தின்றுவிட்டு நடப்பது தேவலாம்.

வடை வெந்த பாமாயில் கதை வேறு. ரத்தத்தில் திரியும் கெட்ட கொழுப்பைப் பிடித்து இழுக்கும் 'கைகள்' கல்லீரலில் இருக்கின்றன. பாமாயிலில் நிறைய உள்ள, குளிரில் உறையும் வகைக் கொழுப்பு அந்தக் கைகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடும். கால்கள் எவ்வளவு நடந்தாலும் அந்த இடத்துக்குப் பெரிதாக எட்டுவதில்லை.