கடலில் எடுத்த பித்தளையைத் துலக்காதீர்கள்

மன்னார் மாவட்டத்தின் பேசாலை, தலைமன்னார், வங்காலை, சிலாவத்துறைப் பக்கங்களில் சங்கும் அட்டையும் குளிக்கிறவர்களின் கையில் சில வேளை பழைய பித்தளைச் சாமான் அகப்படும். மணியாக இருக்கலாம், விளக்குத் தண்டாக இருக்கலாம், கப்பல் யன்னலின் வளையமாக இருக்கலாம். அடுத்து நடப்பது எங்கும் ஒன்றுதான். கரையில் வெயிலில் காய வைப்பார்கள். பிறகு பழப்புளி, தேசிக்காய், மணல், தும்பு. அதற்கும் மசியாவிட்டால் கம்பித் தூரிகையும் அசிட்டும். பளபளத்ததும் படமெடுத்து முகநூலில் போட்டுவிட்டு, பழைய இரும்புக்காரரிடம் விலை கேட்பார்கள்.

துலக்குவதற்கு முன்னால், உயிர் பற்றிய பேச்சு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் மூடிய, குழாய் போன்ற பித்தளை வெடிக்காத எறிகணையின் கோதாக இருக்கலாம். இது போர் நடந்த கரை. உப்புத் தண்ணீரில் பல வருடம் கிடந்தாலும் வெடிமருந்து செத்துவிட்டதென்று நம்பக் கூடாது. வள்ளத்தில் ஏற்றாதீர்கள், தட்டிப் பார்க்காதீர்கள். கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு 119க்கு அழையுங்கள்.

பித்தளை என்பது செம்பும் நாகமும் கலந்த உலோகம். கடல் நீர் அதிலிருந்து நாகத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிவிடும். மஞ்சள் உடம்பில் இளஞ்சிவப்புத் திட்டுத் தெரிந்தால் அந்த இடத்தில் மிஞ்சியிருப்பது பஞ்சு போன்ற செம்பு மட்டுமே. கம்பித் தூரிகை பட்டால் பொடியாக உதிரும். வெட்டிய எழுத்தும் ஆண்டும் பல நேரம் மேலே படிந்த களிம்புப் படலத்தில்தான் தங்கியிருக்கும். களிம்பைச் சுரண்டினால் எழுத்தும் சேர்ந்தே போகும். எந்தக் கப்பல், எந்த நாடு, எந்த ஆண்டு என்று காட்டக்கூடியது அந்த எழுத்துத்தான்.

துலக்கினாலும் உள்ளே ஊறிய உப்பு போகாது. அதிலுள்ள குளோரைட், ஈரக் காற்றுப் பட்டதும் வெளிர் பச்சைப் பொடியாகப் பூத்து, கூடவே அமிலத்தையும் உண்டாக்கும். அந்த அமிலம் மிச்ச உலோகத்தைத் தின்னும். மன்னார்க் காற்றில் இது நிற்கவே நிற்காது. ஆய்வுகூடத்தில் மாதக்கணக்கில் கரைசலை மாற்றி மாற்றி ஊற வைத்துத்தான் உப்பை இறக்குவார்கள். புளியால் முடிகிற காரியமில்லை.

இனிச் சட்டம். 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியதென்று நியாயமாக நம்பக்கூடிய பொருள் தொல்பொருள். புதிதாகக் கண்டெடுக்கப்படும் தொல்பொருள் அரசுடைமை. ஆள்புலக் கடலும் இதற்குள் அடங்கும். 1998இன் திருத்தத்துக்குப் பிறகு இந்தச் சட்டத்தின் கீழ் வரும் வழக்கில் பிணை எடுப்பது லேசான விஷயமில்லை. கனடாவிலுள்ள மாமாவுக்குப் பெட்டியில் வைத்து அனுப்புவதும் குற்றம். ஏற்றுமதிக்குத் தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும். 1815க்குப் பிந்தியது என்பதால் மட்டும் அது உங்களுடையதாகிவிடாது. மூழ்கிய கப்பலுக்கும் உரிமைக்காரர் உண்டு.

கடலடியில் கண்டால் கை வைக்காமல் ஜிபிஎஸ் புள்ளியையும் எத்தனை பாகம் ஆழம் என்பதையும் குறியுங்கள். வலையில் ஏறிவிட்டால் காய விடாதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் வாளியில், எடுத்த கடல் நீரிலேயே அமிழ்த்தி நிழலில் வையுங்கள். அலுமினியப் பாத்திரம் கூடாது. இரும்போடு சேர்த்து வைக்கவும் கூடாது. ஒட்டிய சிப்பியை உடைக்காமல், பக்கத்தில் அடிமட்டம் வைத்துப் படமெடுங்கள்.

அன்றைக்கே கிராம அலுவலரிடம் சொல்லுங்கள். வாய்ப்பேச்சோடு விட்டுவிடாதீர்கள். இரண்டு பிரதியில் கடிதம் எழுதுங்கள்: எடுத்த நாள், நேரம், இடம், ஆழம், பொருளின் அளவு, அது இப்போது இருக்கும் இடம். ஒன்றை உங்கள் பிரதேச செயலகத்தில் கொடுத்து, மற்றதில் திகதி முத்திரை வாங்குங்கள். பொலிஸில் முறைப்பாடு பதிந்து இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்தில் வாசிக்கத் தெரியாமல் கையெழுத்து வைக்காதீர்கள். வட மாகாணத்தின் நிர்வாக மொழி தமிழ். தமிழில் எழுதச் சொல்வது உங்கள் உரிமை. மறுத்தால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம். படங்களோடு இன்னொரு பிரதியைக் கொழும்பிலுள்ள தொல்பொருளியல் பணிப்பாளர் நாயகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். பொருளை ஒப்படைக்கும்போது பெறுநரின் பெயர், பதவி, கையொப்பத்தோடு எழுத்தில் வாங்காமல் வாளியைக் கை மாற்றாதீர்கள்.

"பிறகு வாங்கோ" என்று அலைக்கழிப்பதுதான் ஆட்களைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளுகிறது. அறிவித்தவரையே கள்ளனைப் போல் விசாரித்தால் அடுத்தவர் ஏன் வாய் திறக்கப் போகிறார்? 2003இல் தென் கரையின் கொடவாயவுக்கு அப்பால் கடலில் ஏறக்குறைய 2,000 ஆண்டு பழைய கப்பல் கிடப்பதை வெளிக்கொண்டுவந்தவர்கள் சங்கு குளிப்பவர்கள். மாந்தைத் துறைமுகம் இருந்த கரையில் அப்படி ஒன்று கிடக்காதா? பதில் வராவிட்டால் 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் கடிதத்துக்கு என்ன நடந்ததென்று எழுதிக் கேளுங்கள். கோரிக்கையை ஏற்பதா மறுப்பதா என்று தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்லியாக வேண்டும்.

ஏற்கெனவே துலக்கி வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு: பச்சைப் பொடி பூத்திருந்தால் திரும்பத் துலக்க வேண்டாம், கழுவவும் வேண்டாம். ஈரம் உறிஞ்சும் சிலிக்காப் பொட்டலங்களோடு இறுக்கமான பிளாஸ்டிக் பெட்டியில் மூடி வைத்துவிட்டு, மேலே சொன்ன கடிதத்தை எழுதுங்கள். எந்த ஆண்டு எடுத்தது, எதைப் போட்டுத் துலக்கியது என்பதை மறைக்காமல் அதில் குறிப்பிடுங்கள். பொருளைக் காப்பாற்றப் போகிறவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த விபரம்தான்.