மழலைப் பருவத்துக் குருதிக்கலன் அழற்சி

சிறுபிள்ளைகளுக்குக் காய்ச்சல் வருதல் புதுமையன்று. வைரசுக்களால் உண்டாகும் காய்ச்சல்களுட் பெரும்பாலானவை சில நாள்களிலே தாமாகத் தணிந்துவிடும். ஆயின், தொற்றை எதிர்த்தெழுந்த உடலின் காப்பாற்றலே அளவிறந்து, தன் குருதிக்கலன்களைத் தாக்குவதும் உண்டு. அவ்வாறு விளைவதாகக் கருதப்படும் நோய்களுள் தலையாயது கவாசாக்கி நோய்.

யப்பானிய மருத்துவர் தொமிசாக்கு கவாசாக்கி 1961-இல் தோக்கியோவிலே நான்கு வயதுச் சிறுவனொருவனிடம் இதனை முதன்முதற் கண்டார். 1967-இல் ஐம்பது பிள்ளைகளின் நோய்வரலாற்றைத் தொகுத்து வெளியிட்டார். ஐந்து நாளோ அதற்கு மேலோ நீடிக்கும் கடுங்காய்ச்சல், பீளையின்றிச் சிவக்கும் கண்கள், வெடித்த உதடு, செந்நாக்கு, மேனியிற் செந்தடிப்பு, கைகால் வீக்கம், கழுத்தில் நெறிகட்டுதல் ஆகியன இதன் குறிகள். விரல்நுனித் தோல் உரிதல் பின்னரே தோன்றும். நோயுறுவோருட் பெரும்பாலோர் ஐந்து வயதிற்குட்பட்டோர்.

இதன் மூலகாரணம் இன்னும் துணியப்படவில்லை. எனினும், யப்பானில் 1979, 1982, 1986 ஆகிய ஆண்டுகளில் இது கொள்ளைநோய்போற் பெருகியமையும், தாய்வழிப் பிறபொருளெதிரிகள் காக்கும் முதற்சில மாதங்களிலும் வளர்ந்தோரிடத்தும் அருகியே காணப்படுதலும், இளமையிற் பலரும் எதிர்கொள்ளும் ஏதோவொரு தொற்றைச் சுட்டுகின்றன. கொரோனாத் தொற்றின் சில வாரங்களின் பின், 2020-இல் ஐரோப்பியச் சிறாரிடத்தும் 2021-இல் இலங்கைச் சிறாரிடத்தும் இதனையொத்த பல்லுறுப்பு அழற்சி காணப்பட்டமை இக்கருத்திற்கு வலுவூட்டிற்று.

இதயத்திற்குக் குருதியூட்டும் முடியுருநாடிகளே பேரிடருக்குள்ளாவன. அழற்சியால் நலிந்த நாடிச்சுவர் குமிழ்போற் புடைக்கும்; அங்கே குருதி உறையின், பிள்ளைப்பருவத்திலேயே மாரடைப்பு நேரக்கூடும். சிகிச்சை பெறாதோருள் ஏறத்தாழ நாலிலொருவருக்கு இப்புடைப்பு உண்டாகிறது. காய்ச்சல் தொடங்கிப் பத்து நாளுக்குள் இம்யூனோகுளோபுலின் மருந்தை நாளத்தின்வழி ஏற்றினால், அது நூற்றுக்கு ஐவரளவிற்குக் குறைகிறது.

யாழ்ப்பாணத்திலே, காய்ச்சலோடு மேனி சிவந்தாற் சின்னமுத்தென்று கொண்டு, வேப்பிலை வைத்துப் பொறுத்திருத்தல் பழைய வழக்கம். கவாசாக்கி நோயில் அப்பொறுமையே தீங்காகும். சிகிச்சையின்றியும் காய்ச்சல் ஒருநாள் தணியும். நாடியின் புடைப்போ அதனோடு நீங்குவதில்லை. 1978-இல் தொடங்கிய மருத்துவபீடத்தையுடைய பல்கலைக்கழகம் திருநெல்வேலியிலும், போதனா வைத்தியசாலை அணித்தேயுள்ள நகரிலும் இருக்க, ஐந்தாம் நாளிலும் தணியாக் காய்ச்சலோடு கண்ணும் உதடும் சிவந்த பிள்ளையை வீட்டில் வைத்திருத்தற்கு நியாயமில்லை. காய்ச்சல் தொடங்கிய நாளை நினைவிலிருத்தி மருத்துவரிடம் உரைத்தல் பெற்றோர் ஆற்றக்கூடிய முதலுதவி. ஒலியலைகொண்டு இதயத்தை ஆராய்தல் அவர் செய்யும் அடுத்த பணி.