நேரத்தின் விலை

ஜனக்புரியிலிருந்து குருகிராமுக்கு உத்தியோகத்தின் பொருட்டுச் செல்லும் அன்பர்கள் ஓர் உண்மையை அறிவர். நாள்தோறும் ஒன்றரை மணி பிடிக்கும் வழியைப் பொறுத்துக்கொள்ளலாம். இன்று முக்கால் மணி, நாளை இரண்டு மணி என்னும் வழியைப் பொறுத்தல் அரிது. தாமதமானால் அரைநாள் விடுப்பன்றோ பறிபோகிறது!

2008-இல் திறக்கப்பட்ட விரைவுச் சாலையில், விரைவுக்கென்றே சுங்கம் செலுத்தினோம். ஆனால் எல்லையிலிருந்த 32 தடச் சுங்கச் சாவடியிலேயே காத்துக் கிடந்தோம். காசு கொடுத்துக் காத்திருந்த விந்தை அது! 2014-இல் சாவடி அகன்றது; நெரிசல் அகலவில்லை.

2018 மே மாதத்தில் ஜனக்புரி மேற்கிலிருந்து மெஜந்தா தட மெட்ரோ ரயில் புறப்பட்டது. ஹௌஸ் காஸில் வண்டி மாறிக் குருகிராம் சேரலாம். சில நாட்களில் காரே முந்திவிடும். ஆயினும் எத்தனை மணிக்கு வாயிற்படி இறங்குவது என்று இப்போது வீட்டில் துணிந்து சொல்ல முடிகிறது.